தட்டுக்கு முன்னால்

பைரவன் எழுந்து நின்று வாலாட்டினான். என்னைப் பார்த்து அல்ல.

வாசலில் நின்றவர் மரியம்மாள். மகள் சிம்ரனின் கல்யாணத்துக்காக எங்கள் தறியில் நெய்த வெள்ளைப் பட்டுப் புடவையை வாங்கிப்போகச் செவிலிமேட்டிலிருந்து வந்தவர். அதுவரை போனில் பேசியதோடு சரி, எங்கள் வீட்டுப் படியேறுவது இதுதான் முதல் தடவை.

பைரவன் வந்து ஒரு மாதம் ஆகிறது. எனக்கென்று அந்த வால் ஒரு நாளும் அசைந்ததில்லை. பாலென்ன, முட்டையென்ன, மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சியதென்ன! எல்லாம் வீண்.

அவன் மருந்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றிலிருந்து வந்த நாய். வேலை முடிந்த நாய்களை வீடுகளுக்குத் தருகிறார்கள் என்று செல்போனில் பார்த்துவிட்டு, பிள்ளையில்லாத வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டுமே என்று என் வீட்டுக்காரர்தான் கூட்டிவந்தார்.

எந்தக் கூடம், என்ன மருந்து, இவனை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். அதெல்லாம் சொல்வதற்கில்லை, தடுப்பூசி போட்டாயிற்று, ஆரோக்கியமான நாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காதின் உட்பக்கம் பச்சை குத்திய எண் ஒன்று இருந்தது. அதைத் தவிர இவன் பூர்வீகம் எதுவும் எங்களுக்குத் தெரியாது.

ஆரோக்கியமான நாய்தான், ஆனால் சாப்பிடமாட்டான். தட்டை வைத்தால் அதன் முன்னால் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பான். எச்சில் ஒழுகும், வாய் வைக்கமாட்டான். நாங்கள் தூங்கிய பிறகு பசி தாங்காமல் திருட்டுத்தனமாகக் கொஞ்சம் தின்பான். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டான். நான் என்னடா குறை வைத்தேன் என்று அழுதுகொண்டே கேட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் கயிற்றை இழுத்துக்கொண்டு போய் மரியம்மாளின் காலடியில் புரண்டான். அந்த அம்மாவின் கை தானாக அவன் காதை மடித்து எண்ணைப் பார்த்தது. பார்த்ததும் சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. இவனைத் தெரியுமா என்றேன். தெரியாது என்றார். எந்த நாயும் என்னிடம் இப்படித்தான் வரும் என்றார். கண் மட்டும் நிறைந்துகொண்டு வந்தது.

அவரை உட்காரவைத்து, புடவையை அவர் மடியில் பிரித்துப் போட்டேன்.

“ஏம்மா, இந்த ஒரு பொடவைக்கு எத்தினி ஆயிரம் புழுவைக் கொதிக்கிற தண்ணியில போட்டாங்கன்னு கேக்கறவங்களுக்கு நாங்க சொல்றோம். தெரிஞ்சிதான் கட்டிக்கினு போறாங்க. நீங்க எதை மறைக்கிறீங்க?”

அவர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். வாலாஜாபாத் பக்கம் இருக்கிற அந்தக் கூடத்தில் நாய்களுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவுவது அவர் வேலை. வெளியே வாய் திறந்தால் வேலை போய்விடும். கல்யாணத்தை வைத்துக்கொண்டு அதற்குத் துணிய முடியாது.

வலிப்பு நோய்க்கான மருந்தாம். குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுவார்களாம், காலில் ரத்தம் எடுப்பார்களாம். பைரவனுக்கு மட்டும் மருந்து கொடுக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்தார்களாம். அதனால் பிழைத்தான்.

மற்ற நாய்களுக்கு என்னவாயிற்று என்று கேட்டேன்.

“என் கையிலதாம்மா எல்லாம் போச்சி. கடைசி ஊசி போடும்போது நான்தான் புடிச்சிக்கினு இருப்பேன். தெரிஞ்ச கையா இருந்தா அதுங்க பயப்படாது.”

நன்றாகத் திட்டிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். என் தம்பி மகளுக்கு வலிப்பு உண்டு. அவள் தினமும் விழுங்குகிற மாத்திரை ஞாபகத்துக்கு வந்தது.

இவன் ஏன் சாப்பிடமாட்டேன் என்கிறான், அதையாவது சொல்லுங்கள் என்றேன்.

மரியம்மாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் உள்ளே போய் எடுத்துவந்த தயிர்சாதத் தட்டை வாங்கி அவன் முன்னால் வைத்தார். முட்டி போட்டுக் கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. பைரவனும் தலையைத் தாழ்த்திக்கொண்டான். கடைசியாக ஒரு வார்த்தையை மட்டும் வாய்விட்டுச் சொன்னார். அவ்வளவுதான், பட்டப்பகலில், என் கண்ணெதிரே, பருக்கை மிச்சமில்லாமல் தின்றான்.

அங்கே ஒவ்வொரு கூண்டுக்கு முன்னாலும் அப்படித்தான் செய்வாராம். அந்த வார்த்தை வரும்வரை எல்லா நாயும் காத்திருக்குமாம். அங்கே இருக்கிற பெரிய ஆட்களுக்கே தெரியாத விஷயத்தை எனக்கு யார் வந்து சொல்லியிருப்பார்கள்?

புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போக முடியாது என்று தெரிந்திருக்கும். அவர் தெருமுனை திரும்பும்வரை பைரவன் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னை ஒரு நாளாவது இப்படிப் பார்க்கமாட்டானா என்று ஏங்கிப்போனேன்.

சாயங்காலம் விளக்கேற்றி, ஏகாம்பரநாதர் படத்துக்குக் கற்பூரம் காட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு தட்டை வைத்தேன். பைரவன் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

தலைமுறை தலைமுறையாகச் சிவன் கோயிலுக்குத் துணி நெய்து கொடுத்த குடும்பம். அந்த வார்த்தையை நான் எப்படிச் சொல்வது? சும்மா முணுமுணுத்துப் பார்த்தேன். அவன் அசையவில்லை.

உள்ளே தறிச் சத்தம் நின்றது. காலையில் நடந்ததையெல்லாம் என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் சத்தமா சொல்லேன்மா. அவனுக்குக் கேக்கல.”

“ஆமென்” என்றேன்.

பைரவன் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் வாசலைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். கதவை நான் சாத்தவில்லை.