கலைமகள் அமர்ந்த வீடு

தமிழாசிரியர் மெய்கண்டானின் வீட்டில் நாற்காலி, பலகை, கட்டில் எங்கும் கலைமகளே வீற்றிருந்தாள். ஆண்டுதோறும் பூசை விடுமுறைக்கு முன் மாணவர் கொணர்ந்து தந்த சிலைகள் அவை, மொத்தம் முப்பத்தொன்று. தெய்வத் திருவுருவைத் தரையில் வைக்கவோ பிறரிடம் தள்ளிவிடவோ அவர் மனம் ஒப்பவில்லை. முழங்கால் வீங்கியதால் தரையிலும் அமர இயலாது. நாளெல்லாம் வகுப்பில் நின்றவர், வீட்டிலும் நின்றபடியே உண்டார்.

"பசங்களைப் பெஞ்சு மேல நிக்க வச்ச பாவம், இப்ப நீங்க நிக்கிறீங்க" என்றாள் மனைவி தையல்நாயகி.

இவ்வாண்டு மாணவி ஒருத்தியின் தாய் அவரிடமே கேட்டுவிட்டாள்: "ஐயா, உங்களுக்கு என்னதான் வேணும்? கூச்சப்படாம சொல்லுங்க."

முப்பத்தோராண்டு நாணத்தை விழுங்கிவிட்டு அவர் சொன்னார்: "உட்கார ஒரு நாற்காலி அம்மா. சாதாரண நாற்காலி. வேறொன்றும் வேண்டாம்."

விடுமுறைக்கு முதல்நாள் அவள் நாற்காலியோடு வந்தாள். தேக்கு மரம், அகன்ற கைப்பிடி, முழங்காலுக்கு இதமான உயரம். மெய்கண்டான் கண் கசிய, முதுகுப் பக்கம் சுற்றியிருந்த உறையைப் பிரித்தார். முதுகு சாயும் பலகை முழுவதும் வீணை ஏந்திக் கலைமகள் செதுக்கப்பட்டிருந்தாள்.

"தமிழ் ஐயாவுக்குன்னு ஸ்பெஷலா சொல்லிச் செஞ்சது. சாஞ்சு உக்காருங்க ஐயா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

மெய்கண்டான் கைகூப்பியபடி நின்றார். உள்ளிருந்து தையல்நாயகி கேட்டாள்: "முப்பத்திரண்டாவதுக்கும் பூ எடுத்துட்டு வரவா?"