எல்லாரையும் மலைக்கு அனுப்புங்க

“அந்தக் கெழவியைக் கொன்னுட்டு ரெட்டைத் தலையனை எறக்குங்க. என்ன யோசனை?” என்றாள் ஜெயந்தினி. சுதாகரன் கிழவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழவி ஒரு சூனியக்காரி. ரெட்டைத் தலையன் அவளைவிடப் பெரிய அரக்கன். இரண்டு பேரும் வழவழப்பான அட்டைகளில் அச்சாகி, பிள்ளைக் காம்பராவின் தொட்டில்களுக்கு நடுவே பாயில் கிடந்தார்கள்.

கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது ஜெயந்தினியின் வேலை. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலரை ஓட்டும் சுதாகரன், மத்தியானச் சோற்றை அரைகுறையாக விழுங்கிவிட்டு ஒரு வாரமாக இங்கே ஓடி வருகிறான். காதலிக்க இல்லை, அதற்கெல்லாம் நேரம் ஏது? பாடம் படிக்க.

எல்லாம் அவள் அண்ணன் அழகுமுத்துவால் வந்த வினை. இரண்டாயிரத்து மூன்றில் கொழும்புப் புத்தகக் கடை ஒன்றுக்கு வேலைக்குப் போனவன், அரக்கர் சீட்டுப் பைத்தியமாகத் திரும்பினான். பாக்கெட் பாக்கெட்டாக அட்டை வாங்குவான், பிடிக்காததைக் கொடுத்துப் பிடித்ததை மாற்றுவான், ஞாயிறு தவறாமல் போட்டிக்குப் போவான். ஜெயித்தேன் என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

அப்பா இல்லாத வீடு, அண்ணன் வைத்ததுதான் சட்டம். “சீட்டுல என்னைய ஜெயிக்கிற மூளை எவனுக்கு இருக்கோ, அவனுக்குத்தான் என் தங்கச்சி!” என்று லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிட்டான். ஜெயந்தினி கிடைக்காவிட்டால் இந்த உலகத்தில் இருந்து என்ன பிரயோசனம் என்று நினைக்கிற சுதாகரனுக்கோ, சாதாரணச் சீட்டிலேயே ஆஸ் எது, ஜாக்கி எது என்று தெரியாது.

அதனால்தான் அண்ணன் வேண்டாமென்று கழித்துப்போட்ட அட்டைகளை வைத்து அவளே வாத்தியாராகிவிட்டாள். கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற மாதிரி, அந்த வீட்டில் அட்டைகள் தாக்கப் போவதற்கும் மலைக்குப் போவது என்றுதான் பெயர். அவரவர் பக்கம் அவரவர் லயம்.

“இப்ப சண்டை. ஒங்க ஆளுங்க எல்லாரையும் மலைக்கு அனுப்புங்க.”

“எல்லாரும் போயிட்டா லயத்தை யாருங்க பாக்குறது? அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து அடிச்சா?”

“போனவங்களே வந்து தடுப்பாங்க. கடைசி அடி அடிக்கிறப்ப ஒருத்தரைக்கூட வீட்டுல நிப்பாட்டக் கூடாது. எதை மறந்தாலும் இதை மறந்துறாதீங்க.”

சுதாகரன் தலையாட்டினான். “இதுக்கு முந்தி அண்ணனை யாராச்சும் ஜெயிச்சிருக்காங்களா?”

“தைப்பொங்கலுக்கு என்னையப் பொண்ணு கேட்டு வந்த உடப்புசல்லாவை ஊர் மாப்பிள்ளை ஜெயிச்சாரே. அண்ணனை ஒக்காந்த எடத்துலயே நசுக்கிட்டாரு.”

சுதாகரன் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தான். “அப்புறம்?”

“ஜாதகம் பொருந்தலையாம்.”

அட சனீஸ்வரா, நீ நல்லா இருக்கணும்! அன்று சாயங்காலமே சுதாகரன் தன் ஜாதகத்தைத் தேடி எடுத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் இராமையாவோடு பெண் கேட்கப் போனான். ஜெயந்தினியின் அம்மா நாகலெட்சுமி வாழைப்பழத் தட்டை வாங்கி வைப்பதற்குள் அழகுமுத்து பாயை விரித்துவிட்டான். “ஒக்காருங்க தம்பி. கையைத் தொடைச்சுக்கிட்டுத் தொடுங்க, அட்டை பாழாயிரும்.”

சுதாகரன் பிரமாதமாகத்தான் ஆடினான். ஆட்டத்தில் ஆளுக்கு இருபது உயிர்; இரண்டு பேருக்கும் நாலு நாலுதான் பாக்கி. அழகுமுத்துவுக்கு அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்தது. பால் ஊற்றாத பிளேன்டியைக் குடிக்க மறந்துபோனான். இராமையா மட்டும் ஒன்றும் புரியாமல் மூன்றாவது வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரே அடி. கதவோரம் நின்ற ஜெயந்தினியை ஒரு தரம் பார்த்துவிட்டு, படித்த பாடம் பிசகாமல் அத்தனை அரக்கர்களையும் ஒன்றாக முன்னே தள்ளினான்.

“எல்லாரையுமா?” அழகுமுத்துவால் நம்ப முடியவில்லை.

“எல்லாரையும்தாங்க!”

அழகுமுத்து தன் ஆட்களை வரிசையாக நிறுத்தித் தடுத்தான். ஒரே ஒரு உயிரோடு தப்பினான். பிறகு, தன் பக்கம் பிழைத்துக் கிடந்த முதலை அட்டையை மெதுவாக முன்னே நகர்த்தினான். சுதாகரன் அலட்டிக்கொள்ளாமல் ரெட்டைத் தலையனை எடுத்துக் குறுக்கே வைத்தான்.

“அட, எடுங்க தம்பி! காலையில மலைக்கு ஏறின ஆளு அந்நேரமே லயத்துலயும் நிக்குமா? போனவன் போனவன்தான். தடுக்க ஆளில்ல, ஒங்க கதை முடிஞ்சுது!”

சுதாகரன் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தான். ஜெயந்தினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகை இல்லை, சிரிப்பு.

பாவி, நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாளே! பிடிக்கவில்லை என்றால் மூஞ்சிக்கு நேரே சொல்லியிருக்கலாம். வேலை மெனக்கெட்டு ஒரு வாரம் தப்புப் பாடம் சொல்லிக்கொடுத்தா விரட்ட வேண்டும்? அவனுக்கு நெஞ்சு வெந்துபோனது.

“வாங்க மாமா, போவோம்,” என்று எழுந்தான்.

“எங்க போறீங்க மாப்ள?” அழகுமுத்து தாவி வந்து அவனைக் கட்டிப்பிடித்தான். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் முகமெல்லாம் பல்லாக, அடுப்படிப் பக்கம் திரும்பினான். சுதாகரனின் சட்டைப் பையில் ஜாதகம் மடித்தது மடித்தபடியே இருந்தது. யாரும் அதைக் கேட்கக்கூட இல்லை.

“அம்மா, ஜாதகம் அம்சமா பொருந்துது!”