ஒரு நாள் வாடகை

பழைய சாமான் கடை வைத்திருக்கும் மீரான் சாகிபுக்குச் சினிமாக்காரர்களை நடையிலேயே தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் படமெடுக்க வருகிறவர்கள் அவரிடம்தான் சாமான் வாடகைக்கு எடுப்பார்கள். மாருதி காரில் வந்து இறங்கிய மரிய ஜெரால்டையும் அவர் அப்படித்தான் நினைத்தார்.

"பாய், ஏழை வீட்டுச் சாமான் வேணும். கயித்துக் கட்டில், அரிக்கேன் விளக்கு, நசுங்குன தட்டு."

"கட்டில் நல்லதாவே இருக்கு, தம்பி."

"நல்லது வேண்டாம். கயிறு தொங்கணும். பாக்குறவன் கண்ணு கலங்கணும்."

"நடிக்கிறது யாரு?"

"சீனியரு. எழுதிக் குடுக்காமலே பேசுவாரு."

மீரானே சாமானைக் கொண்டுபோனார். கோவிலூர் ரோட்டில் புதுப் பங்களா, பளிங்குத் தரை, ஏசி. கார் ஷெட்டைக் காலி பண்ணிக் கட்டிலைப் போட்டார்கள். பங்களாவிலிருந்து வந்த பெரியவர் தங்க வாட்ச்சைக் கழற்றி ஜெரால்டிடம் கொடுத்துவிட்டு, சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.

பின்சந்து வழியாக ஒரு பத்திரிகை நிருபரை அழைத்து வந்தார்கள்.

"தோழர், மாவட்டச் செயலாளரான பிறகும் இந்தக் கட்டில்தானா?" நிருபருக்குக் குரல் தழுதழுத்தது.

"உழைக்கிற சனம் கட்டாந்தரையில கெடக்கு. எனக்கு இதுவே ஆடம்பரம்."

நிருபர் பிலிம் ரோல் தீரும்வரை படமெடுத்தார். மீரான், ஜெரால்டை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சாயந்தரமே கட்டிலைத் திருப்பிக் குடுத்துருங்க, தம்பி. நாளைக்குக் கல்லல் ஊருல நெசமான சூட்டிங் இருக்கு. அந்தப் படத்துல கடைசித் தோழர் இதுல படுத்துத்தான் சாகுறாராம்."