ஜாக்கி மேல் நின்ற ஜீப்

மலை ஏறுவதற்கென்றே வாங்கிய ஜீப், சக்கரங்கள் இல்லாமல் ஜாக்கியின் மேல் நின்றது. சக்கரம் பள்ளம் மேடெல்லாம் எட்டிப் பிடிக்க வேண்டுமென்று, அதைத் தாங்கும் சஸ்பென்ஷனின் குட்டைக் கைகளை முதலாளி கழற்றியிருந்தார். அவ்வப்போது நீளக் கை ஒன்று செய்து மாட்டுவார். அதைவிட நீளமாக எங்காவது பார்த்துவிட்டால் அதையும் கழற்றிவிடுவார்.

"இடுப்பு விட்டுப்போச்சுப்பா. எப்பத்தான் இறங்குவே?" என்றது ஜாக்கி.

"சரியான கை அமையணுமே. பாதை ரொம்ப மோசமாம்," என்றது ஜீப்.

மலையிலிருந்து இறங்கி வந்த ஆடு நின்றது. "உங்க முதலாளியை உச்சியில பார்த்தேன். பாதை எவ்வளவு மோசம்னு பார்க்க வந்தாராம்."

"எதுல வந்தார்?" என்றது ஜீப்.

"பழைய ஸ்கூட்டர்ல."

சாயங்காலம் முதலாளி திரும்பினார். "இந்தக் கையும் பத்தாது," என்று முனகியபடி ஜாக்கியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"மன்னிச்சுக்கப்பா," என்றது ஜீப், ஜாக்கியிடம்.