ஆனிமேரி மறித்த லாரி

வில்லாபுரத்தில் படகு செய்யும் கம்பெனியைச் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டு முதலாளி தலைமறைவாகி நான்கு நாளாகிவிட்டது. மிஞ்சிய ஒரே படகையும் அவர் கிளப்பிவிடாதபடி, தொழிலாளர்கள் கேட்டில் தங்கள் பூட்டைப் போட்டிருந்தார்கள். சாவி அவர்களில் ஒருத்தியான ஆனிமேரியிடம் இருந்தது.

படகை ஏற்றிப்போக வந்த லாரியை அவள் மறித்தாள். அதிலிருந்து ஒருவர் இறங்கினார்.

"மூணு மாசச் சம்பளம் வராம படகு நகராதுன்னு உங்க முதலாளிகிட்டச் சொல்லுங்கண்ணே!"

"அவரைத் தேடித்தாம்மா நானும் அலையுறேன். தொண்டியில மீன் பிடிக்கிறவன். பழைய படகை வித்து, இதுக்கு முழுப் பணமும் கட்டியிருக்கேன்" என்று ரசீதை நீட்டினார்.

ஆனிமேரி அதை மற்றவர்களிடம் காட்டினாள். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பூட்டைத் திறந்தாள்.

"அப்ப உங்க சம்பளம்?" என்றார் அவர்.

"அதை உங்க வயித்துல அடிச்சா வாங்குறது? கோர்ட்டுல அவர்கிட்டயே வாங்குறோம். அவர் உங்ககிட்ட முழுப் பணமும் வாங்கினார்னு சாட்சி சொல்ல மட்டும் வந்துருங்கண்ணே."