நான்காவது வழக்கில் வரும் பெண்

நீதிமன்றக் கூடத்தின் உயரமான சன்னல் வழியே மதிய வெயில் சாய்ந்து விழுகிறது. கடைசி வரிசையில் தையற்காரி தன் அக்காவோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவளை வன்கொடுமை செய்த கடை முதலாளிக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்திருக்கிறது. இந்தக் குற்றத்துக்குத் தண்டனை பத்தாண்டுக்குக் குறையவே கூடாது என்கிற சட்டம் செல்லாது என்று அவனும் வேறு சிலரும் போட்ட வழக்குதான் இப்போது மூன்று நீதிபதிகள் முன்னால் நடக்கிறது. அவனுடைய வழக்கறிஞர் தாளைப் புரட்டுகிறார். “எல்லாக் குற்றமும் ஒரே அளவு இல்லை. குறைக்கும் உரிமை நீதிபதிக்கு வேண்டும். இவற்றில் நான்காவதாக உள்ள என் கட்சிக்காரரின் வழக்கையே பாருங்கள். அந்தப் பெண் ஒரே மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார்.” அக்கா அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். “வாடி, போயிடலாம். நம்மள யாரு கேக்கப் போறா?” தையற்காரி மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். பெஞ்சு கிறீச்சிடுகிறது. நடுவில் இருக்கும் பெண் நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார். “யாரும்மா நீங்க?” “நாலாவது வழக்குல வர்ற பொண்ணு நான்தாங்கம்மா. வேலைக்குப் போனது வயித்துக்காக.” “இங்க நீங்க பேசக் கூடாதும்மா. உக்காருங்க.” “இனிமே பேசலீங்க. நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன்.” உட்காரும்படி மறுபடி யாரும் சொல்லவில்லை. அவள் முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொள்கிறாள். வழக்கறிஞர் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். ‘அந்தப் பெண்’ என்று சொல்ல வாயெடுத்தவர், ஒருமுறை திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்.