இரவல் உறைமோர்

நானூறு மீட்டர் இறுதி ஓட்டத்தில் நான் நான்காவதாக வந்தேன். அழுகையே வரவில்லை. பக்கத்து அறை ஜெஸிந்தா தங்கம் வாங்கியபோது முதலில் கை தட்டியதும் நான்தான்.

எங்கள் விடுதியில் ஓடுகிறவர்களுக்கென்று தனித் தயிர் உண்டு. அதைச் சாப்பிட்டால் மனம் பதறாது, ஜெயிக்கும் வெறியும் குறையாது. அவரவர் தயிரை அவரவரே உறை ஊற்றிக்கொள்ள வேண்டும். போன மாதம் என் தயிர் கெட்டுப்போனதால் ஜெஸிந்தாவிடம் உறைமோர் வாங்கினேன். நிறையவே கொடுத்தாள், மகராசி.

இன்று பரிசோதனையில் டாக்டர் கேட்டார்: "ஓட்டத்தை விட்டுட்டியாம்மா? ஓய்வு வாங்கினவங்களுக்குக் குடுக்கற தயிர்க் கிருமிதான உன் வயித்துல இருக்கு! அது இருந்தா தோத்தாலும் மனசு நோகாது, கோவமும் வராது."

அறைக்கு வந்து தயிரைக் கொட்டிவிட்டு, சட்டியோடு ஜெஸிந்தாவின் கதவைத் தட்டினேன். சட்டியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏட்டி பேச்சி, ஒன்னய ஜெயிக்க எனக்கு வேற வழி தெரியலட்டி. என்னை மன்னிச்சிருவியா?" என்று அழுதாள்.

அறைய வேண்டும் என்று நினைத்தேன். கை எழவில்லை. அவள் கண்ணைத்தான் துடைத்துவிட்டது.

"இப்பதான் தயிரைக் கொட்டியிருக்கேன்," என்றேன். "கோவம் வரட்டும். வந்ததும் நானே வாரேன்."